சேர்ந்து திரிவது ஏன்? மலைக்காட்டுப் பல்லினப் பறவைக் கூட்டங்கள் குறித்த ஒன்றரை நூற்றாண்டு விவாதம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் பறவை பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள். நெடுநேரம் காடு வெறுமையாகக் கிடக்கும். பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாத அளவுக்கு ஒரே நேரத்தில் பறவைகள் வந்துவிடும். உச்சிக் கிளைகளில் மின்சிட்டுகள், நடுத்தட்டில் வெள்ளைக்கண்ணிகளும் கதிர்க்குருவிகளும், மரத்தண்டில் மரங்கொத்தி, கீழே புதரோரம் சிலம்பன்கள் என ஒவ்வொன்றும் தன் தன் தளத்தில் பூச்சி பொறுக்கியபடி ஒரே திசையில் நகரும். சில நிமிடங்களில் எல்லாம் கடந்து போய்விடும். சாலிம் அலியின் நூல்கள் இவற்றைப் பல பறவைகள் கலந்த வேட்டைக் கூட்டங்கள் என்றே குறிப்பிடுகின்றன.

எவற்றைப் பல்லினக் கூட்டம் என்று கொள்வது என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொள்வது நல்லது. பழுத்த அத்தி மரத்தில் பத்து வகைப் பறவைகள் கூடினால் அவற்றை அழைத்தது பழம். ஆந்தையைச் சூழ்ந்து கத்தும் பறவைகளை அழைத்தது ஆந்தை. பல்லினக் கூட்டத்திலோ ஒரு பறவையை ஈர்ப்பது பக்கத்தில் இருக்கும் வேறு பறவைதான்; கூட்டமும் ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். கேள்வி இங்கிருந்து எழுகிறது. ஒரே காட்டில் ஏறத்தாழ ஒரே வகை இரையைத் தேடுபவை ஒன்றையொன்று தவிர்க்கத்தானே வேண்டும்? போட்டியாளரை அருகில் வைத்துக்கொண்டு அலைவதில் என்ன ஆதாயம்?

## பழைய விடைகள்

அமேசான் காடுகளில் 1848 முதல் 1859 வரை அலைந்த ஹென்றி வால்டர் பேட்ஸ், 1863இல் வெளியிட்ட நூலில் இக்கூட்டங்களை விவரிக்கிறார். அங்கு வாழ்ந்த மக்களிடம் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது. சாம்பல் நிறச் சின்னப் பறவை ஒன்று மற்றவற்றை மயக்கித் தன் பின்னால் இழுத்துக்கொண்டு காடெங்கும் திரிகிறது என்றார்கள். பேட்ஸ் இதைச் சிரித்து ஒதுக்கவில்லை. வழியில் எதிர்ப்பட்ட தனிப் பறவைகளும், பழம் மட்டுமே தின்பவையும்கூடச் சில வேளை கூட்டத்தோடு இழுபட்டுப் போவதைப் பார்த்தவர் அவர். அந்த விளக்கத்தில் ஏதோ உண்மை இருப்பதுபோல் தெரிகிறது என்று எழுதினார்.

1915இல் ஆப்பிரிக்கக் காடுகளின் பறவைக் கூட்டங்களைப் பற்றி எழுதிய சார்ல்ஸ் ஸ்வினர்ட்டனிடம் இன்றைய விவாதத்தின் இரு கிளைகளும் முளைவிட்ட நிலையில் இருக்கின்றன. ஒரு பறவை கலைத்துவிடும் பூச்சி இன்னொன்றுக்கு இரையாகிறது என்பது ஒன்று. பல கண்கள் சேர்ந்து பகையைப் பார்க்கின்றன என்பது மற்றொன்று. அதன்பின் வந்தவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதை மறுப்பதில் ஆண்டுகளைச் செலவிட்டார்கள்.

தற்செயல் என்ற மூன்றாவது விடையும் இருந்தது. பூச்சிகள் மிகுந்த இடத்தில் எல்லாமே வந்து சேரும், சேர்ந்ததற்குத் தனிக் காரணம் வேண்டாம் என்பது அதன் வாதம். கூட்டத்தைப் பின்தொடர்ந்து பார்த்த எவரும் இதை நெடுநாள் ஏற்கவில்லை. மணிக்கணக்கில் பல தோட்டம் தாண்டிச் சேர்ந்தே போகும் பறவைகளைத் தற்செயலால் விளக்க முடியாது. பெரு நாட்டின் மானு காட்டில் சார்ல்ஸ் மன், ஜான் டெர்போர்க் இருவரும் 1979இல் காட்டியது இதற்கு வலுவான மறுப்பு. அங்கே ஒரு கூட்டத்தின் நிலையான உறுப்பினர்கள் இனத்துக்கு ஒரு இணையாகச் சேர்ந்து ஒரே எல்லையைக் காக்கின்றன. அதே இடத்தில் சுமார் இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்த எல்லைகள் பெரிதும் மாறாமல் இருந்தன என்று 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தனிப் பறவைகள் செத்து, புதியவை வந்து சேர்ந்த பிறகும் கூட்டம் என்ற அமைப்பு அங்கேயே நின்றிருக்கிறது.

## இரையா, பகையா

இரைத் தரப்பின் வாதங்கள் மூன்று. கலைந்தோடும் பூச்சியைப் பிடிப்பது முதலாவது. ஏற்கெனவே அலசி முடித்த கிளையை மறுபடி அலசாமல் தவிர்ப்பது இரண்டாவது. எங்கே எப்படித் தேடினால் கிடைக்கும் என்று பிற இனத்தைப் பார்த்துக் கற்பது மூன்றாவது. மூன்றாவதற்கு ஜான் கிரெப்ஸ் 1973இல் கூண்டுச் சோதனை மூலம் சான்று தந்தார். வட அமெரிக்கப் பட்டாணிக்குருவி வகைகள் இரண்டைச் சேர்த்து வைத்தபோது, ஒன்று இரை கண்ட இடத்தை மற்றதும் தேடிப்பார்த்தது.

பகைத் தரப்புக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் கணித வலு கிடைத்தது. கூட்டத்தின் நடுவில் இருப்பவனைவிட ஓரத்தில் இருப்பவனுக்கே ஆபத்து அதிகம் என்ற வில்லியம் ஹாமில்டனின் 1971ஆம் ஆண்டுக் கட்டுரையும், தலைகள் கூடக்கூட ஒவ்வொரு தலையும் குறைவாக நிமிர்ந்தால் போதும் என்ற ரொனால்ட் புல்லியத்தின் 1973ஆம் ஆண்டுக் குறிப்பும் அதன் அடித்தளங்கள். பிறகு ஒப்பீடுகள் வந்தன. வெப்பமண்டலக் காடுகள் பலவற்றை ஒப்பிட்ட தியோலே, 1999இல், வேட்டைப் பறவைகளின் அச்சம் மிகுந்த காடுகளில் கூட்டம் சேரும் பழக்கமும் மிகுதி என்று வாதிட்டார். வேட்டையாடிகள் குறைந்த தீவுகளில் பறவைகள் கூட்டம் சேர்வதும் குறைகிறது என்பது 2004இல் கை போஷாம் கண்டது. இரண்டுமே ஒப்பீடுகள்தான். வேட்டைப் பறவைகள் மிகுந்த காட்டில் பூச்சிகளும், பறவை வகைகளும், மர அடர்த்தியும் வேறாகத்தான் இருக்கும். எது எதற்குக் காரணம் என்று ஒப்பீடு சொல்லாது.

அதனால்தான் அகற்றிப் பார்க்கும் சோதனைகளுக்கு மதிப்பு அதிகம். 1998இல் வெளியான டால்பி, கிரப் இருவரின் ஆய்வு இவற்றில் அதிகம் பேசப்படுவது. ஒஹையோ மாநிலத்தின் சிறு காட்டுத் துண்டுகளில் குளிர்காலக் கூட்டத்தை நடத்திச் செல்லும் பட்டாணிக்குருவி வகைகளை அகற்றினார்கள். பின்தொடரும் மரங்கொத்தியும், தண்டில் தலைகீழாக இறங்கும் நட்ஹாட்சும் அதன்பின் எப்படி இருக்கின்றன என்று பார்த்தார்கள். பிடுங்கிய வால் சிறகு மீண்டும் வளரும்போது ஒரு நாள் வளர்ச்சி எவ்வளவு என்பதை அதன் வரிகள் காட்டும். ஊட்டம் குறைந்தால் வரிகள் நெருங்கும். முன்னோடிகள் இல்லாத துண்டுகளில் பின்தொடரும் பறவைகளின் உடல்நிலை தாழ்ந்திருந்தது.

இது எந்தத் தரப்பின் வெற்றி? ஊட்டம் குறைந்ததால் இரைத் தரப்பு வென்றது எனலாம். ஆனால் காவல் காக்கும் துணை போனதும் பறவை அடிக்கடி தலை நிமிர்த்த வேண்டியிருக்கும். மூடிய இடங்களிலேயே ஒதுங்கித் தேட வேண்டியிருக்கும். அதனாலும் ஊட்டம் குறையும். பகைக்கு அஞ்சும் நேரமும் இரை தேடும் நேரமும் ஒரே பணப்பையிலிருந்து செலவாகின்றன. ஒன்றில் மிச்சம் பிடித்தால் அது மற்றதில் வரவாகிவிடும். இரையா பகையா என்ற கேள்வி முடிவில்லாமல் நீண்டதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று தோன்றுகிறது. தராசின் இரு தட்டும் உள்ளுக்குள் இணைந்திருக்கையில், எது கனம் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அமேசானில் ஆரி மார்ட்டினெசும் உடன் பணியாற்றியவர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்துகிறது. கூட்டத்தின் காவலாளியாக இருக்கும் எறும்புப்பிடிப்பான் வகைப் பறவையைத் தற்காலிகமாக அகற்றியதும், உடன் திரிந்தவை திறந்த இடங்களை விட்டு அடர்ந்த மறைவுகளுக்கு நகர்ந்தன. இரை அளவில் மாற்றம் எதுவும் இல்லை. மாறியது பாதுகாப்பு மட்டுமே. பாதுகாப்பு இருந்தால்தான் சில இடங்களில் இரை தேடவே முடியும் என்றால், இரு விடைகளில் பாதுகாப்புதான் அடியில் இருப்பது. இதை ஏற்கத் தயங்குபவர்கள் ஒன்றைச் சுட்டலாம்: இது ஒரு காட்டின், தாழ்நிலக் காட்டின், முடிவு.

## முன்னே போவது யார்

நாற்பதுகளில் வடக்கு ரொடீசியாவின், அதாவது இன்றைய ஜாம்பியாவின், காடுகளை ஆராய்ந்த விண்டர்பாட்டம், கூட்டத்தில் சில இனங்கள் மையமாக நிற்க மற்றவை சுற்றி வருகின்றன என்ற பாகுபாட்டைக் கொண்டுவந்தார். 1962இல் பனாமாவின் கூட்டங்களைப் பற்றி விரிவாக எழுதிய மார்ட்டின் மோய்னிஹன் அதைச் செம்மைப்படுத்தினார். அவருக்குப் பின் கேள்வியின் முகமே மாறியது. பறவைகள் ஏன் சேர்கின்றன என்று மொத்தமாகக் கேட்பதை விட்டு, எது எதைத் தேடிப் போகிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். இந்தத் துறையில் நடந்த மிகப் பயனுள்ள மாற்றம் இதுதான் என்பேன்.

முன்னோடி இனங்களின் சாயல் உலகெங்கும் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபோல் இருக்கிறது. அவை தங்கள் இனத்தோடு குடும்பமாகத் திரிபவை, ஓயாமல் ஒலி எழுப்புபவை. தைவானின் ஃபூஷான் காட்டில் சாம்பல் கன்னச் சிலம்பன் வகை அந்த இடத்தில் இருக்கிறது. இலங்கையின் சிங்கராஜாவில் அத்தீவுக்கே உரிய செம்மஞ்சள் அலகுச் சிலம்பன். பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த குடேலும் போஷாமும் 2010இல் இந்தத் தொடர்பை எண்களால் காட்டினார்கள்: தன்னினத்தோடு பெருங்கூட்டமாக வாழும் இனமே பிற இனங்களுக்கும் முன்னோடியாகும் வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் ஆதாயம் யாருக்கு? ஹரி ஸ்ரீதர், கை போஷாம், கார்த்திக் சங்கர் மூவரும் அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் தந்த மதிப்பீடு இங்கே முக்கியமானது. பின்தொடரும் இனங்கள் கூட்டத்தில் இருக்கையில் வேகமாகத் தின்றன, குறைவாக நிமிர்ந்து பார்த்தன. முன்னோடிகளிடம் அத்தகைய மாற்றம் தென்படவில்லை. பின்தொடர்பவை பொதுவாகச் சிறிய உடலும், உயரத் தளங்களில் பூச்சி தேடும் வழக்கமும் கொண்டவை என்பதும் அதில் தெரியவந்தது. வேட்டைப் பறவையின் கண்ணில் எளிதில் படக்கூடியவை அவை.

முன்னோடி என்ற பட்டத்தைச் சில இனங்களுக்கு மட்டும் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. உமேஷ் ஸ்ரீனிவாசன், ரஷீத் ராசா, சுஹேல் காதர் 2010இல் வட கிழக்கு இந்தியக் கூட்டங்களை வலைப்பின்னலாக வரைந்து பார்த்து, முக்கியத்துவம் என்பது ஆம், இல்லை என்று இரண்டாகப் பிரிவதாகத் தெரியவில்லை, அது படிப்படியாகக் கூடிக் குறைகிறது என்று வாதிட்டார்கள். இதை ஏற்றால் பழைய பட்டியல்கள் பலவற்றை மறுபடி படிக்க வேண்டிவரும். முதலில் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் முன்னோடி என்று குறித்துவைத்தவை அவற்றில் எத்தனையோ.

## கரிச்சானின் இரட்டை வேடம்

கூட்டத்தின் பின்தொடர்பவர்களில் மிக விசித்திரமானவர் கரிச்சான். அது உயரக் கிளையில் உட்கார்ந்து, பறக்கும் பூச்சியைத் துரத்திப் பிடிக்கும். தலை எப்போதும் நிமிர்ந்தே இருப்பதால் வல்லூறு வருவது அதற்கு முதலில் தெரியும். இலைகளுக்குள் தலையை நுழைத்துத் தேடும் சிலம்பனுக்கு அந்த வசதி இல்லை. சிங்கராஜாவில் எபன் குடேலும் சரத் கொட்டகமவும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வேலைப் பிரிவினையைச் சோதித்துப் பார்த்தது. சிலம்பன்கள் எச்சரிக்கை ஒலி அதிகம் எழுப்புகின்றன. ஆனால் நம்பகமானது கரிச்சானின் எச்சரிக்கை. சிலம்பன்கள் கூட்டத்தைச் சேர்க்கின்றன, கரிச்சான் அதைக் காக்கிறது என்ற படம் இதிலிருந்து கிடைத்தது.

அதே இருவர் 2006இல் செய்தது இன்னும் சுவையானது. கரிச்சான் பிற பறவைகளின் குரலைப் போலி செய்யும் என்பது நம் காட்டோர மக்கள் எல்லோரும் அறிந்ததே. கூட்டத்துப் பறவைகளின் குரலைப் போலி செய்யும் கரிச்சான் ஒலிப்பதிவையும், போலி இல்லாத அதன் சொந்த ஒலிகளையும் தனித்தனியே காட்டில் ஒலிக்கவிட்டார்கள். போலிக் குரலுக்கே அதிகப் பறவைகள் வந்தன. ஒரு பறவை மற்றவற்றை மயக்கி இழுக்கிறது என்று பேட்ஸிடம் சொன்னவர்கள் வேறு கண்டத்தில் வேறு பறவையைப் பற்றிச் சொன்னார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் 143 ஆண்டுகள் கழித்து அந்தக் கருத்தைக் கொஞ்சமேனும் ஒத்த சான்று ஒன்று கிடைத்தது, வாய்மொழி விளக்கங்களை அறிவியல் அவசரப்பட்டு ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு நல்ல உதாரணம்.

காவலாளி திருடனாகவும் இருப்பது கதையின் மறுபக்கம். மானு காட்டின் காவலாளிப் பறவைகள், ஒரே பூச்சியை இன்னொரு பறவையும் துரத்தும்போது பொய் எச்சரிக்கை எழுப்புகின்றன என்று சார்ல்ஸ் மன் 1986இல் நேச்சர் இதழில் எழுதினார். மற்றது ஒரு கணம் தயங்கும். பூச்சி பொய் சொன்னவனுக்குக் கிடைக்கும். கலஹாரியில் டாம் ஃப்ளவர் 2014இல் சயன்ஸ் இதழில் காட்டியபடி, ஆப்பிரிக்கக் கரிச்சான் இதற்காகப் பல இனங்களின் எச்சரிக்கை ஒலிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. ஒரே பொய் பலிக்காமல் போனால் வேறு பொய். அதன் அன்றாட உணவில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் திருட்டிலிருந்து வருகிறது.

ஏமாறுகிறவை ஏன் காது கொடுத்துக்கொண்டே இருக்கின்றன? பொய்யை நம்பினால் ஒரு பூச்சி போகும், மெய்யை நம்பாவிட்டால் உயிர் போகும் என்பது வழக்கமான விடை. ஓரளவு திருப்தி தரும் விடைதான். ஆனால் பொய் எந்த விகிதத்தைத் தாண்டினால் கூட்டம் காவலாளியைக் கைவிடும் என்பதை அது சொல்லவில்லை. கலஹாரியின் திறந்த வெளியில் கிடைத்த கணக்கை இருண்ட மலைக்காட்டுக்கு அப்படியே பொருத்துவதற்கும் தயக்கம் வேண்டும்.

## ஒத்தவை விலகுமா, நெருங்குமா

கூட்டத்தில் யார் யார் சேர்கிறார்கள் என்பதற்கு இரண்டு எதிரெதிரான விடைகள் உண்டு. அமேசானில் கிரேவ்ஸ், கொட்டெல்லி இருவரும் 1993இல் நெருங்கிய உறவுடைய இனங்கள் ஒரே கூட்டத்தில் சேராமல் தவிர்ப்பதைக் காட்டினார்கள். போட்டிக் கோட்பாடு எதிர்பார்ப்பதும் அதைத்தான். ஹரி ஸ்ரீதர் தலைமையில் உலகளாவிய தரவைக் கொண்டு 2012இல் நடந்த ஆய்வு நேர்மாறாக, உடல் அளவிலும் இரை தேடும் முறையிலும் ஒத்தவையே அதிகம் இணைகின்றன என்றது. இவ்விரண்டும் முரண்பட வேண்டியதில்லை. கூட்டத்தோடு போக அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். வேகம் ஒத்துவராத பறவை இழப்புக்கு உள்ளாகும் என்று ஹுட்டோ 1988இலேயே சுட்டியிருந்தார். ஒத்த வேகமுள்ளவை நெருங்குவதும், அவற்றுள் எல்லை காக்கும் நெருங்கிய உறவினங்கள் மட்டும் ஒன்றையொன்று விலக்குவதும் ஒரே காட்டில் நடக்கலாம்.

நிறத்தையும் இங்கே சொல்ல வேண்டும், சுருக்கமாக. மத்திய, தென் அமெரிக்க மலைக்காடுகளின் கூட்டங்களில் பல இனங்கள் ஒரே வண்ணக் கலவையோடு இருப்பதைக் கண்ட மோய்னிஹன், 1968இல், சேர்ந்து திரிவதை எளிதாக்கவே அவை ஒன்றைப்போல் ஒன்று ஆகியிருக்கின்றன என்றார். நியூ கினியாவில் ஜாரெட் டைமண்ட் விவரித்த பழுப்பும் கறுப்புமான கூட்டங்களும் இதே வாதத்துக்கு இழுக்கப்படுகின்றன. கவர்ச்சியான கருத்து. பொது மூதாதையும், ஒரே காட்டு வெளிச்சமும்கூட அதே ஒற்றுமையைத் தரலாம் என்பதால் நிரூபிப்பது கடினம்.

## எண்ணுவதில் உள்ள இடர்

இந்த முடிவுகள் எல்லாம் எண்ணிக்கையில் நிற்கின்றன. எண்ணிக்கையோ வரையறையில் நிற்கிறது. எத்தனை மீட்டருக்குள், எத்தனை நிமிடம் சேர்ந்து நகர்ந்தால் கூட்டம் என்பது ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. மலைக்காட்டில் சரிவும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். கூட்டத்தை இறுதிவரை தொடர முடியாது. உச்சியில் ஓசையின்றித் திரிபவை விடுபடும். சத்தமிடும் சிலம்பன் ஒருபோதும் விடுபடாது. முன்னோடி என்று நாம் கண்டறிந்தவை பெரும்பாலும் சத்தமிடுபவையாக இருப்பதில் ஒரு பங்கு பறவையின் இயல்பு, இன்னொரு பங்கு பார்ப்பவரின் காது. இரண்டையும் பிரிக்கும் ஆய்வுகள் குறைவு.

சோதனைகளின் புவியியலும் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. அகற்றிப் பார்த்தவற்றில் நன்கு அறியப்பட்டவை மிதவெப்ப நாட்டுக் குளிர்காலக் காடுகளிலும் அமேசான் தாழ்நிலத்திலும் நடந்தவை. இமயமலையிலும், இலங்கை மலையிலும், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பெரும்பாலும் பார்த்தலும் எண்ணுதலுமே. காஷ்மீரில் மக்டொனால்டு, ஹெண்டர்சன் 1977இலும், இலங்கை மலைக்காட்டில் பார்ட்ரிட்ஜ், ஆஷ்கிராஃப்ட் 1976இலும் வெளியிட்டவை இன்றும் மேற்கோள் காட்டப்படுவதற்கு அவற்றின் தரம் ஒரு காரணம். அடுத்து வந்தவை அதிகமில்லை என்பது இன்னொரு காரணம்.

## உயரத்தில் தீராதவை

காடு மாறும்போது கூட்டம் என்ன ஆகிறது என்ற கேள்வி அண்மையில் வலுத்திருக்கிறது. தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டங்களிலும் வீட்டுத் தோப்புகளிலும் கூட்டங்களை ஸ்வாதி சித்து, சங்கர் ராமன், எபன் குடேல் 2010இல் ஆராய்ந்தார்கள். அருணாசலத்தின் ஈகிள்நெஸ்ட் சரணாலயத்தில் மரம் வெட்டிய காட்டில் யாரோடு யார் சேர்கிறார்கள் என்பது எப்படி மாறுகிறது என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. இனங்கள் எஞ்சியிருக்கையிலேயே அவற்றின் உறவுகள் மாறலாம் என்ற எச்சரிக்கை இத்தகைய ஆய்வுகளில் இருக்கிறது. இனப் பட்டியலை மட்டும் வைத்துக் காட்டின் நலம் பார்க்கும் நம் வழக்கம் இதைக் கவனிப்பதில்லை.

நீலகிரி, பழனி மலைகளின் உயர்ந்த சோலைகள் இந்த விவாதத்துக்குத் தனியாக ஒன்றைத் தருகின்றன. துடுப்புவால் கரிச்சான் தாழ்ந்த, நடுத்தர உயரக் காடுகளின் பறவை. உயரச் சோலைகளில் அதைக் காண்பது அரிது. அங்கும் கூட்டங்கள் உண்டு. வெள்ளைக்கண்ணிகளும், பட்டாணிக்குருவிகளும், குளிர்காலத்தில் இமயத்திலிருந்து வந்துசேரும் கதிர்க்குருவிகளும் சேர்ந்தே திரிகின்றன. பாதுகாப்பே அடிப்படை என்ற விடை சரியென்றால், கரிச்சான் செய்யும் காவலை அங்கே வேறு ஏதாவது ஒன்று செய்ய வேண்டும். அல்லது காவல் தேவைப்படாத அளவுக்கு வேட்டைப் பறவைகள் குறைந்திருக்க வேண்டும். அல்லது குளிரில் இரைத் தேவை கூடி, பழைய இரைத் தரப்பின் வாதம் உயரத்தில் வலுப்பெற வேண்டும். மூன்றில் எது என்று இப்போதைக்குத் துணிந்து சொல்வதற்கில்லை.

முதல் வாய்ப்பைச் சோதிக்க வழி உண்டு. சோலையிலேயே வாழும் வெள்ளைக்கண்ணிகள் கரிச்சானின் எச்சரிக்கைக்குப் பதுங்குகின்றனவா, கரிச்சானோடு பழகிய கீழ்க்காட்டு வெள்ளைக்கண்ணிகள் மட்டும் பதுங்குகின்றனவா என்று ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டுப் பார்க்கலாம். அதற்குப் பறவை எதையும் பிடிக்க வேண்டியதில்லை. முன்னோடி இனங்களின் கணக்கு அவ்வளவு எளிதில் தீராது. தம்மைச் சுற்றி ஒரு டஜன் இனங்கள் ஒட்டிக்கொண்டு வருவதால் சிலம்பன்களுக்கு ஆதாயமா, இழப்பா, இரண்டும் இல்லையா என்பதை அறிய, முன்னோடியை விட்டுவிட்டுப் பின்தொடரும் இனங்கள் அத்தனையையும் அகற்றிப் பார்க்க வேண்டும். எந்தக் காட்டிலும் அதைச் செய்வது கடினம். பாதுகாக்கப்பட்ட சோலையில் செய்ய யாரும் அனுமதிக்கவும் மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது.